தனிக் குவளை

தியாகராய நகரின் தெருக்களில் நடப்போர் பலர். அத்தெருக்களின் பெயர்களை எண்ணிப் பார்ப்போர் சிலர். நகருக்கே பெயர் தந்தவர் சர் பிட்டி தியாகராயர். பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்த பனகல் அரசரின் நினைவாக எழுந்தது. நடேசன் பூங்கா மருத்துவர் சி. நடேச முதலியாரையும், டாக்டர் நாயர் சாலை டி. எம். நாயரையும், உஸ்மான் சாலை முகமது உஸ்மானையும் நினைவூட்டுகின்றன. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்டு இந்நகர் எழுந்தபோது, அன்று ஆட்சியில் இருந்த நீதிக்கட்சியின் தலைவர்கள் பெயர்களே தெருக்களுக்கும் பூங்காக்களுக்கும் சூட்டப்பட்டன.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புத்தாடை வாங்க வந்து, இத்தெருக்களில் நாமும் நெருக்குண்டு நடந்திருக்கிறோம். ஆயினும் இக்கட்சி எங்கே கருக்கொண்டது என்று கேட்டுப் பார்த்ததில்லை. கொள்கை விளக்க மேடையிலோ தேர்தல் களத்திலோ அது தோன்றவில்லை. அரசு அலுவலகங்களில் எழுத்தர்களாய் இருந்த சிலரின் உள்ளத்தில் நாள்தோறும் விழுந்த சிறு சிறு காயங்களில் தோன்றியது. பெரிய போர்களையும் பெரிய மனிதர்களையும் பற்றிப் படித்துப் பழகிய நமக்கு, ஒரு மேசைக்கும் மறு மேசைக்கும் இடையே நிகழும் அவமதிப்பு வரலாற்றை உருவாக்கும் என்பது வியப்பாய் இருக்கலாம். ஆனால் சென்னையின் நூற்றாண்டு வரலாறு அதைத்தான் சொல்லுகிறது.

அலுவலகத்து அவமதிப்பு பெரும்பாலும் கை ஓங்குவதில்லை. கோப்பைக் கையில் கொடாமல் மேசைமேல் எறியும். வயதில் மூத்த கடைநிலை ஊழியரை ‘வா, போ’ என்று ஒருமையில் அழைக்கும். உணவுவேளையில் ஒருவர் வந்து அமர்ந்தால் மெல்ல எழுந்து வேறிடம் போகும். ‘உங்கள் ஆட்களெல்லாம் இப்படித்தான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும். ‘ஊர் எது? எந்தத் தெரு?’ என்று அன்பொழுகக் கேட்டு, விடை கிடைத்ததும் முகம் மாறும். இவற்றிற்குச் சாட்சி இல்லை. முறையிட்டால், ‘இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா?’ என்பர். செய்தவர் மறந்துவிடுவார், பட்டவரோ இரவில் தனித்திருந்து நினைப்பார். இதன் வலிமையே இதன் சிறுமையில்தான் இருக்கிறது.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாய்ப் பார்ப்போம். 1878ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்த்தப்பட்டார். வறுமையிலே பிறந்து, சிறு வயதிலேயே எழுத்து வேலை பார்த்து, தம் அறிவால் உயர்ந்தவர் அவர். ஆயின் ஐரோப்பியர் நடத்திய நாளிதழ்கள் அந்த நியமனத்தைக் கண்டித்து எழுதின. இந்தியர் ஒருவர் ஆங்கிலேயருக்கு இணையாக நீதி இருக்கையில் அமர்வதை அவற்றால் பொறுக்க இயலவில்லை. அக்கண்டனத்திற்கு மறுமொழி கூற இந்தியர் கையில் ஓர் ஏடு இல்லையே என்று வருந்திய ஆறு இளைஞர்கள், அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினர். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணாக் கடனில் 80 படிகள் அச்சாயின என்பது அதன் தொடக்க வரலாறு. ஆக, சென்னையின் பெயர்பெற்ற ஏடு ஒன்றும் ஒரு பணியிட அவமதிப்பிற்கு மறுமொழியாகவே பிறந்தது.

அக்காலத்தில் பகலெல்லாம் ஒரே நீதிமன்றத்தில் வாதாடிய வெள்ளையரும் இந்தியரும் மாலையில் ஒரே மன்றத்தில் அமர முடியாது. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் இந்தியரை உறுப்பினராய் ஏற்கவில்லை. இன்று அது அடையாற்றங்கரையில் இயங்குகிறது. இரு சாராரும் கூடுவதற்கென்றே 1873இல் காஸ்மாபாலிட்டன் கிளப் தோன்ற வேண்டியிருந்தது. மயிலாப்பூரின் பெருவழக்கறிஞர்கள் சட்ட அறிவில் எவருக்கும் இளைத்தவரல்லர். ஆயினும் தோலின் நிறம் காரணமாக ஒரு வாயில் தமக்கு அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை அவர்கள் ஒவ்வொரு மாலையும் உணர்ந்தனர்.

இந்த வேதனையை அறிந்தவர்கள், தமக்குக் கீழே இருந்தவர்க்கு அதே வேதனையைத் தாராமல் இருந்தனரா? இரண்டாம் கண்ணி இங்கே தொடங்குகிறது. 1913இல் அரசுப் பணி ஆணையத்தின் முன் சர் அலெக்சாண்டர் கார்டியூ ஒரு கணக்கை வைத்தார். மாகாண மக்கள் தொகையில் பிராமணர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர். துணை ஆட்சியர்களிலோ அவர்கள் 55 விழுக்காடு, சார்பு நீதிபதிகளில் 80 விழுக்காட்டிற்கு மேல், மாவட்ட முன்சீப்புகளில் 70 விழுக்காட்டிற்கு மேல் இருந்தனர். ஓர் இனத்து இளைஞர் கல்வியில் ஊக்கம் காட்டியதைக் குற்றமென்று எவரும் கூறார். ஆனால் ஓர் அலுவலகத்தில் மேலாளரும், அவர்க்கு மேலானவரும், பக்கத்து மேசைக்காரரும் ஒரே குலத்தவராய் இருக்கும்போது, தனித்து நிற்கும் ஒருவருக்குப் பதவி உயர்வு மட்டுமன்று, இயல்பாய் மூச்சு விடுவதும் அரிதாகிவிடுகிறது.

வருவாய் வாரியத்திலும் பொறியியல், மருத்துவத் துறைகளிலும் பணியாற்றிய பிராமணரல்லாத அலுவலர் சிலர், தமக்கு நேர்ந்த பாகுபாட்டைப் பற்றிப் பேசிக்கொள்வதற்காக 1912இல் ‘மெட்ராஸ் யுனைடெட் லீக்’ என்னும் சங்கத்தை அமைத்தனர். அவர்களுக்குத் துணையாய் நின்றவர் திருவல்லிக்கேணியின் மருத்துவர் நடேச முதலியார். அச்சங்கம் விரைவில் திராவிடர் சங்கம் எனப் பெயர் பெற்றது. சில ஆண்டுகளில் திருவல்லிக்கேணியில் மாணவர்க்கென ‘திராவிடர் இல்லம்’ என்னும் விடுதியையும் அவர் நிறுவினார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சாதியின் பெயரால் தங்க இடமும் உண்ண இலையும் மறுக்கப்பட்டதே அதன் காரணம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர். கே. சண்முகம் செட்டியார் அவ்வில்லத்தில் தங்கிப் படித்தவர். 1916 நவம்பர் 20ஆம் நாள் கூடிய கூட்டமும், டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கையும், 1920இல் தேர்தல் வெற்றியும், 1921இல் வகுப்புவாரி அரசாணையும் அதன்பின் வந்தவை. இவ்வளவுக்கும் முன்னே, மாலையில் வேலை முடிந்து வந்து தம் மனக்குறையைப் பகிர்ந்துகொண்ட சில எழுத்தர்கள் இருந்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

கதை இங்கே முடிந்திருந்தால், அவமதிக்கப்பட்டோர் எழுந்து வென்றனர் என்று மகிழ்ந்து விடைபெறலாம். வரலாறு அவ்வளவு எளிதாய் நம்மை விடுவதில்லை. மூன்றாம் கண்ணி இருக்கிறது.

1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில், கோயம்புத்தூரில் தாம் படித்த காலத்தைக் குறிப்பிடுகிறார். கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர்கள். மிகச் சிலரைத் தவிர யாவரும் உயர்குலத்தார். உடன் படிப்போரிடம் நட்புக் கொண்டால், தம் ஊரும் குலமும் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சினார் அம்மாணவர். ஆகவே வெளியே எங்கேனும் இருந்து படிப்பார். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடிக்குமுன் வீட்டிற்கு விரைவார். யாரும் அவரை அடித்ததாக அவர் எழுதவில்லை. அடி விழாமலே ஒரு சிறுவனின் விளையாட்டையும் நட்பையும் பறித்துவிட முடியும் என்பதை அறிய இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அவரே பின்னர்ச் சென்னைக்கு வந்து, 1893இல் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் நடத்தினார். எந்தச் சொல்லை மறைக்க ஓடினாரோ அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார். 1924இல் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றை அணுகவும், பொது அலுவலகத்தினுள் நுழையவும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை உண்டு என்றது. அலுவலகத்தில் மரியாதை கேட்பதற்கு முன்னே, அலுவலகத்தின் படியேறும் உரிமையையே கேட்க வேண்டியிருந்தது!

எழுத்தர்களின் மனக்காயத்தில் பிறந்த கட்சியே அப்போது ஆட்சியில் இருந்தது. 1921இல் பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடக் ஆலைகளில் வேலைநிறுத்தம் நடந்தபோது, தொழிலாளர் சாதியால் இரண்டுபட்டனர். ஆதிதிராவிடர் பலர் வேலைக்குத் திரும்பினர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மடிந்தன. அவ்வேளையில் நீதிக்கட்சித் தலைவர்கள், ஆதிதிராவிடர்க்கு அரசு அளவு மீறிச் சலுகை காட்டுகிறது என்று குறை கூறினர். மனம் நொந்த எம். சி. ராஜா 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். நேற்று அவமதிப்பை அனுபவித்தவர் இன்று மற்றொருவரின் அவமதிப்பைக் காணாமற் போகலாம் என்பதற்கு இது ஒரு பாடம்.

கற்றோர் கூடும் இடங்களும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். அங்கே ஏவலர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது தூரத்திலிருந்து எறிந்தனர் என்றும், அலுவலகத்தில் அவர்க்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றும் அவர் வரலாறு கூறுகிறது. 1918இல் மும்பையின் சிடனம் கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்தபோதும், பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதை உடன் பணியாற்றிய ஆசிரியர் சிலர் ஆட்சேபித்தனர். படிப்பு பண்பைத் தரும் என்று நம்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்பார்ந்த வாசகரே, இதுவரை பிறர் வீட்டைப் பார்த்தோம். இனி நம் வீட்டைப் பார்க்க வேண்டாமா?

நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு பிரிவுகள் தனித்தனியே அமைந்திருந்தன. உயர்குலத்தார் ஒருபுறம், ஏனையோர் மறுபுறம். ஒருவரை ஒருவர் காணாதபடி சுவர் நின்றது. மக்கள் அதைக் ‘கால்சட்டைக் கோயில்’ என்றே அழைத்தனர். 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அச்சுவரை இடித்தார். அதற்காக அவர்மீது சினம் கொண்டோர் வேற்றுச் சமயத்தாரல்லர். அதே ஆலயத்தில் நற்கருணை வாங்கியவர்களே நீதிமன்றம் சென்றனர். குருக்களின் வாழ்விலும் இந்நோய் இருந்தது. மறைபரப்பு நாடுகளில் பிறந்த குருக்களை வெளிநாட்டுக் குருக்களுக்கு வெறும் எடுபிடிகளாய் வைத்திருத்தல் தகாது என்று 1919இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் ஒரு திருமடலில் அறிவுறுத்தினார். தவறு இல்லாத இடத்தில் அறிவுரை எழுவதில்லை. நான்கு ஆண்டுகளில், 1923இல், தூத்துக்குடி மறைமாவட்டத்திற்கு திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். தற்காலத்தில், இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயர் அவரே. திருத்தூதர் தோமாவின் கல்லறை உள்ள நம் சாந்தோமுக்கு 1986 பிப்ரவரியில் வந்து வேண்டிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசியபோது, கிறிஸ்தவரிடையே சாதி வேற்றுமையின் சாயல்கூட நற்செய்திப் பணிக்குப் பெருந்தடை என்று வெளிப்படையாகவே எச்சரித்தார்.

திருச்சபையின் முதல் மனத்தாங்கலும் இத்தகையதே. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று முறையீடு எழுந்தது. எவரும் அவர்களைத் துரத்தவில்லை; பார்க்கத் தவறினர், அவ்வளவே. திருத்தூதர்கள் ‘இது சிறிய காரியம்’ என்று தள்ளவில்லை. முறையிட்டோரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. எழுவரைத் தேர்ந்தெடுக்கச் செய்தனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எழுவர் பெயரும் கிரேக்கப் பெயர்கள்! புண்பட்ட மக்களின் மொழியை அறிந்தோரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. அந்தியோக்கியாவிலோ, பிற இனத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அது ஓர் இருக்கை மாற்றம் மட்டுமே. ஆயினும் நற்செய்தியின் உண்மையே அங்குப் பழுதுபடுகிறது என்று கண்ட பவுல், எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்து நின்றார். நம் ஆண்டவரும் கொலையைப் பற்றிப் பேசிய அதே மூச்சில், சகோதரனை இழிசொல்லால் அழைப்பதைப் பற்றியும் பேசினார். நாம் சிறிது என்று ஒதுக்குவதை அவர் சிறிதென்று ஒதுக்கவில்லை.

இன்றைய சென்னைக்கு வருவோம். தெருப்பெயர்களில் நீதி எழுதப்பட்ட அதே தியாகராய நகரின் துணிக்கடைகளில், விற்பனைப் பெண்கள் பத்து மணி நேரத்திற்கு மேலும் நின்றே வேலை செய்தனர். அமர்ந்திருந்தால் வாடிக்கையாளர்க்கு அவமரியாதையாம்! 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ திரைப்படம் அந்த வாழ்வைப் பலர் கண்முன் நிறுத்தியது. கடை ஊழியர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் செய்தது. உட்காரும் உரிமைக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் தலை குனிகிறது. அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், 2018 டிசம்பரில், ஓர் உணவுக்கூடத்தில் சைவ உணவினர்க்கும் அசைவ உணவினர்க்கும் தனித்தனி வாயிலும் கைகழுவும் இடமும் குறிக்கும் அறிவிப்புகள் ஒட்டப்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் அகற்றப்பட்டன. புதிய அலுவலகங்களில் வட மாநிலத்தாரும் வடகிழக்கு மாநிலத்தாரும் நம்மவரும் அருகருகே வேலை செய்கின்றனர். அங்கே ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்வதும், முகத்தோற்றத்தைச் சொல்லி அழைப்பதும், ‘இந்திக்காரன்’ என்று கட்டடத் தொழிலாளியை ஏளனம் செய்வதும் நடக்கின்றன. இவற்றில் கடைசியானதைச் செய்வோர் நாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அயலூரில் நம் பிள்ளைகள் ‘மதராசி’ என்று அழைக்கப்பட்டபோது கொதித்தவர்கள் நாமே அன்றோ?

நம் தமிழில் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று வாயில்கள் உள்ளன. யாரை எந்த வாயில் வழியே அழைக்கிறோம் என்பதை நாம் எண்ணாமலே முடிவு செய்கிறோம். தாயை ‘நீ’ என்பது அன்பு. தாயின் வயதுள்ள வேலைக்காரப் பெண்ணை ‘நீ’ என்பது எது?

இதை எழுதும் தகுதி நமக்கு எவ்வாறு வந்தது என்று கேட்பீர்களாயின், ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டும். நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கு இல்லத்தில், பெருக்கித் துடைக்க ஓர் அம்மையார் வருவார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய தேநீர்க் குவளை மட்டும் சமையலறைக்கு வெளியே, சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவ்வாறு வைக்கும்படி நாம் சொன்னதில்லை. நமக்கு முன்னிருந்த குருவும் சொன்னதில்லை. சமையற்காரரைக் கேட்டால், அவருக்கு முன்னிருந்தவர் காலத்து வழக்கம் என்றார். நான்கு ஆண்டுகள் அதைத் தாண்டி நடந்தோம். அதே நான்கு ஆண்டுகளில், சமத்துவம் பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றினோமோ, எண்ணவில்லை.

புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு சிறுமி ஒருநாள் கேட்டாள்: ‘ஃபாதர், பாட்டியோட டம்ளர் மட்டும் ஏன் வெளியிலே இருக்கு?’ பூசையில் எல்லாருக்கும் ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்று அன்று காலையில்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தோம். விடை சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அன்று மாலை அக்குவளையை எடுத்து உள்ளே மற்றவற்றோடு வைத்தோம். அதோடு காரியம் முடிந்தது என்று எண்ணினோம். மறுநாள் அது மீண்டும் சன்னலில் இருந்தது. வைத்தவர் அந்த அம்மையாரே. ‘வேண்டாம் சாமி, எனக்கு இதுவே பழகிப்போச்சு’ என்றார். அச்சொல் நம்மை அறைந்தது. பிறர் கட்டிய சுவரை ஒருநாளில் இடித்துவிடலாம்; அச்சுவரின் நிழலில் ஆயுளெல்லாம் இருந்தவரிடம், இனி வெயில் நமக்கும் உரியது என்று சொன்னால் அவர் உடனே நம்புவாரா? நம்பும்படி நாம் நடந்திருந்தோமா? அவரை அதுவரை பெயர் சொல்லி ‘நீ’ என்றே அழைத்துவந்தோம். அன்று முதல் ‘அம்மா’ என்றும் ‘நீங்கள்’ என்றும் அழைக்கப் பழகினோம். நா தடுமாறியது. தவறு செய்யும்போது தடுமாறாத நா, திருந்தும்போது தடுமாறுகிறது! பல மாதங்கள் சென்றபின் ஒரு மழை நாளில், அவர் உள்ளே வந்து, உணவு மேசையின் ஓரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தினார். ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

சட்டங்கள் தேவை. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிசொல்லையும் குற்றமாக்கியது. ஆனால் முகம் சுளிப்பதைத் தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. அதை மனச்சான்று ஒன்றே விசாரிக்க முடியும். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரும்போது, பொய் சொன்னேன், பூசைக்குத் தவறினேன் என்று கூறுகிறோம். அலுவலகத்தில் யாருடைய பெயரைக் கேட்காமலே இத்தனை ஆண்டுகள் இருந்தேன், யாரோடு உண்ணாமல் எழுந்தேன், யாரை ஒருமையில் அழைத்தேன் என்று நம்மில் எத்தனை பேர் கூறியிருக்கிறோம்?

இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அலுவலகத்தில் தண்ணீர் வைத்திருக்கும் இடத்தையும் நாளை பாருங்கள். எங்கேனும் ஒரு குவளை தனியே கவிழ்ந்திருக்கக் கூடும். அதை உள்ளே எடுத்து வைப்பது எளிது. அதற்குரியவர் உள்ளே வந்து அமரும் வரை காத்திருப்பதே கடினம். அந்தப் பொறுமையை ஆண்டவர் நமக்கு அருள்வாராக.